நான்கு நொடி



சுபேதார் சுப்பிரமணியன். இந்தப் பெயரை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? காஞ்சிபுரம் பக்கம் கீழ ஒட்டிவாக்கத்தில் 1912-ல் பிறந்தவர். வேலை, மெட்ராஸ் சாப்பர்ஸ் பொறியாளர் படையில். 1780-ல் தோன்றி, இன்றும் பெங்களூரில் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் படை அது. அந்தப் படைக்காரர்களுக்கு ராணுவம் முழுக்கச் செல்லப்பெயர் 'தம்பி'. நம் வீட்டுச் சொல்!

சாப்பர் என்றால் யார்? பாலம் போடுகிறவன், பாதை வெட்டுகிறவன். எதிரி புதைத்த கண்ணிவெடியைத் தேடி எடுக்கிறவன். இருட்டில் வரப்பில் தடியால் தட்டிப் போகிறோமே, அப்படி அடிமேல் அடிவைத்து, மற்றவர்களுக்கு முன்னால் நடக்கிறவன்.

1944 பிப்ரவரி, இரண்டாம் உலகப் போர். இத்தாலி. காசினோ மலைமேலிருந்த பழைய மடம் 15-ம் தேதி குண்டுவீச்சில் நொறுங்கியது. அந்தப் போர்முனைக்குச் சற்றுத் தெற்கே, மிஞ்ஞானோ என்ற ஊர். 24-ம் தேதி, கண்ணிவெடி நிலத்தில் சுப்பிரமணியன் சில வீரர்களோடு போய்க்கொண்டிருக்கிறார். முன்னால் போன வீரர் ஒரு வெடியை மிதித்துவிட்டார். ஜெர்மானியர் புதைத்த அந்த வகை வெடி மிதித்ததும் வெடிக்காது. சுமார் நான்கு நொடி கழித்து இடுப்பளவு துள்ளியெழுந்து, முந்நூற்றுச் சொச்சம் இரும்புக் குண்டுகளை நாலாபுறமும் வாரியிறைக்கும்.

அந்த நான்கு நொடி என்னவென்று சுபேதாருக்குத் தெரியும். தரையோடு தரையாகப் படுத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும். அவரோ வெடியின்மேலேயே விழுந்து உடம்பால் மூடினார். கூட வந்தவர்கள் பிழைத்தார்கள். இறப்புக்குப் பின் அவருக்கு பிரிட்டிஷ் அரசின் ஜார்ஜ் கிராஸ் வீர விருது கிடைத்தது.

'வெள்ளைக்காரன் படைதானே, சம்பளத்துக்குப் போனவர்தானே' என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை, ஐயா. அந்தப் போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அதே காலத்தில் மலாயாவில் நம் தமிழர்கள் நேதாஜியின் படையில் சேர்ந்தார்கள். இரண்டு பக்கமும் போனது நம் பிள்ளைகள்தான். மிஞ்ஞானோவில் அவர் காத்தது எந்த அரசரையும் அல்ல. பக்கத்தில் நின்ற மனிதர்களை.

நம் கடலூர் மாவட்டம் இருந்த அன்றைய தென்னாற்காட்டிலும் அப்படிப் போனவர்கள் உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் திறந்து பாருங்கள். பதக்கமோ, சம்பளப் புத்தகமோ, கடிதமோ இருந்தால் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். கடலூர் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் காட்டுங்கள். ஆசிரியர்களே, மாணவர்களை அனுப்பி, ஊர்ப் பெரியவர்களிடம் பெயர்களைக் கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். கேட்டால் சொல்லக்கூடியவர்கள் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வருகிறார்கள். இந்த வாரமே தொடங்குங்கள்.