ஒற்றைத் தோட்டா ரைபிள்
(கீரனூர்ச் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



நம் வீடுகள் சிலவற்றின் பரண்மேல் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி இன்றும் கிடக்கின்றது. அது குறித்துச் சில வார்த்தைகள் சொல்லப் புகுந்தோம்.

வேட்டைப் பிரியர் ஒற்றைத் தோட்டா ரைபிளை ஏன் விரும்பினர்? 1871இல் ஆங்கிலப் படை ஏற்ற மார்ட்டினி ஹென்றியையே எடுத்துக்கொள்வோம். அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தினால் குழலின் பின்வாய் திறக்கும்; ஒரு தோட்டாவை இட்டு உயர்த்தினால் அடைபடும். சுட்டபின் மீண்டும் அவ்வளவும் செய்தாக வேண்டும். அதற்குள் மான் மறைந்துவிடும். ஆதலின் வேட்டைக்காரன் காற்றின் திசையறிந்து, அருகே ஊர்ந்து, மூச்சடக்கிக் காத்திருந்தான். ஐயமுற்றால் சுடாமலே வீடு திரும்பினான்; அதனை இழிவென்று கருதினானில்லை. எம் மனத்தைக் கவர்வது இதுவே. ஜிம் கார்பெட்டும் சிறுவயதில் இரவல் மார்ட்டினியோடுதான் காடு திரிந்தார். நம் சீமையின் வளரியும் அத்தகையதன்றோ? (எறிந்தவனிடமே திரும்பும் என்பர், குறியிற் பட்ட வளரி எங்ஙனம் திரும்பும்?)

அவ்வேட்டை முடிந்தது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டத்தின்படி நார்த்தாமலைப் பக்கம் ஒரு முயலைச் சுடுவதும் குற்றமே. நன்றே என்போம், சுடுவதற்கு அங்கே எஞ்சியதும் சொற்பம்.

துப்பாக்கியோ எஞ்சியுள்ளது. தந்தையாரின் லைசென்சு மகனுக்குத் தானே வந்துவிடாது. தம் பெயரில் விண்ணப்பித்தல் வேண்டும். அதுவரை போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது பெறுங்கள். "ஞாபகார்த்தப் பொருள்தானே" என்னும் சமாதானம் 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தின்முன் செல்லாது. பரணினின்று இறக்குமுன் குழந்தைகளை அப்புறம் அனுப்பிவிடுங்கள். உள்ளே பழைய தோட்டா இருப்பினும் இருக்கும்.