அறிஞர் அருகிலே, செவி எங்கே?



ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தோர் அறிஞரைத் தேடி அழைப்பர். அவர் பெற்ற பட்டங்களை அடுக்கிச் சொல்லி மாலை சூட்டுவர். அவரோ வாய் திறந்து ‘இது வேண்டாம்’ என்றதும் முகம் சுளிப்பர். நாளை நகராட்சியிலும் சட்டமன்றத்திலும் அமரப் போகும் தோழர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். ஆகவேதான் ஆர்தர் லூயிஸ் கதையைச் சொல்ல வந்தேன்.

மேற்கிந்தியத் தீவுகளிலே செயின்ட் லூசியா என்றோர் சின்னஞ்சிறு தீவு. அங்கே 1915-இல் பிறந்தார். ஏழு வயதிலே தந்தையை இழந்தார். ஐந்து ஆண்மக்களையும் தாய் ஒருத்தியே வளர்த்தார். பதினான்கு வயதிலே பள்ளிப் படிப்பு முடிந்தது. உதவித்தொகைத் தேர்வுக்குரிய வயது வரும்வரை அரசாங்க அலுவலகத்தில் எழுத்தர் வேலை! பொறியியல் பயில ஆசை. ஆனால் கருநிறத்துப் பொறியாளனுக்கு அன்றைய சர்க்காரும் வேலை தராது, வெள்ளையர் கம்பெனிகளும் தரா. எனவே 1933-இல் லண்டன் பொருளாதாரப் பள்ளியில் வணிகவியல் மாணவரானார். பொருளாதார மேதை கிடைத்தாரே என்று நிறவெறிக்கு நன்றி கூறுவோர் இருக்கக்கூடும். சாத்திய கதவுக்கு வெளியிலேயே நின்று மாய்ந்தவர்களின் கணக்கை அவர்கள் எடுத்தார்களா?

1940-இல் டாக்டர் பட்டம். 1948-இல், 33 வயதிலே, மான்செஸ்டரில் பேராசிரியர். கிராமத்திலே உழைப்பு மிகுந்து கிடக்கும்வரை ஆலையிலே கூலி உயராது, இலாபமே உயரும் என்று 1954-இல் அவர் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. 1979-இல் நோபல் பரிசும் வந்தது.

கானா நாட்டுக்கு வருவோம். அது கோல்டு கோஸ்ட் என்ற பெயரில் அடிமைப்பட்டிருந்தபோதே, 1953-இல், அறிக்கை ஒன்று தந்தார். ஆலைகளுக்கு அவசரப்படாதீர், உணவு விளைவிக்கும் உழவனின் விளைச்சலை முதலில் பெருக்குங்கள் என்றார். 1957-இல் விடுதலை மலர்ந்தது. நிக்ரூமா அவரையே பொருளாதார ஆலோசகராக அமர்த்தினார். ஐந்தாண்டுத் திட்டம் தீட்டும்போது மோதல் மூண்டது. பெருமைக்காகப் பெரும்பணம் விழுங்கும் வேலைகள் வேண்டாம் என்றார் ஆலோசகர். அரசியலுக்கு அவை தேவை என்றார் தலைவர். நிக்ரூமா ஆப்பிரிக்க விடுதலையின் மாவீரர். அதிலே எனக்கு ஐயமில்லை. ஆயினும் 1958 முடியும்போது லூயிஸ் அங்கே இல்லை. 1964-இல் கானா ஒரு கட்சி நாடாயிற்று. ஒரு கட்சி ஆட்சி பல இனத்தார் வாழும் நாட்டுக்கு ஆகாது, கூட்டணியும் கூட்டாட்சியுமே ஏற்றவை என்று மறு ஆண்டே நூல் எழுதினார் லூயிஸ்.

சொந்த மண்ணிலும் தோல்வி காத்திருந்தது. பத்துத் தீவுப் பகுதிகள் சேர்ந்து 1958-இல் அமைத்த கூட்டாட்சியிலிருந்து, 1961-இல் வாக்கெடுப்பு நடத்தி ஜமைக்கா வெளியேறியது, டிரினிடாடும் பின்தொடர்ந்தது. எஞ்சிய எட்டையாவது இணைக்கப் பாடுபட்டார். அதுவும் கைகூடவில்லை.

எனினும் 1970-இல் கரீபியன் வளர்ச்சி வங்கி பிறந்தபோது அதன் முதல் தலைவர் அவரே. ஓர் ஆட்சியின்கீழ் அமர மறுத்த தீவுகள், ஜமைக்காவும் டிரினிடாடும் உட்பட, அந்த ஒரு வங்கியிலே பங்கு போட்டன. 1973 வரை அங்கே பணிபுரிந்தார்.