விழாமற் காத்தல்

சாலையில் வண்டி மோதி ஒருவர் மாண்டால் ஊரே அதைப் பற்றிப் பேசுகின்றது. குளியலறையில் பாட்டி வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, சில திங்களில் மறைந்தாலோ, 'வயதாகிவிட்டது, விதி முடிந்தது' என்று சொல்லி அமைதியடைகிறோம். ஆனால், தற்செயலான காயங்களால் நேரும் சாவுகளில், சாலை விபத்துக்கு அடுத்தபடியாக மிகுதியான உயிர்களைக் கொள்வது கீழே விழுதலே என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் இவ்வாறு மாள்வதாக அந்நிறுவனம் 2021-இல் கணக்கிட்டது. இதனை விதியென்று விட்டுவிடலாமா? இதில் பெரும்பகுதி தடுக்கத்தக்கது.

மனிதன் இரண்டு சிறு பாதங்களின் மேல் நிமிர்ந்து நிற்பது அருஞ்செயல். அதற்குத் துணை மூன்று. கண் ஒன்று. உட்செவியில் நீர்மம் நிறைந்த அரைவட்டக் குழல்கள் மற்றொன்று; இவற்றை ஆராய்ந்த இராபர்ட் பாரனி 1914-ஆம் ஆண்டுக்குரிய நோபல் பரிசைப் பெற்றார். பாதம், மூட்டு, தசை ஆகியவற்றின் உணர்ச்சி மூன்றாவது. சுவரருகே ஒற்றைக்காலில் நின்று கண்ணை மூடிப் பாருங்கள், உடல் ஆடும். இளைஞராகிய உங்களுக்கே ஒரு துணை நீங்கினால் இந்நிலை. முதுமையில் மூன்றும் சற்றுச் சற்றே தளர்கின்றன. இரவின் இருளில் கண்ணும் உதவாதபோது என்ன ஆகும்?

நம் அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளையே எடுத்துக்கொள்வோம். 1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையும் எழுந்தபோது வேலைக்கு வந்த இளைஞர்கள் இன்று முதியோர். சாலையைப் பலமுறை உயர்த்தியதால், பழைய வீடுகள் பல தெருவினும் தாழ்ந்துவிட்டன. தெருவிலிருந்து படியிறங்கித்தான் உள்ளே செல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அப்படியிலும் துவைக்கும் கல்லருகிலும் பாசி படரும். உள்ளேயோ, பழைய சிமெண்டுத் தரை போய் வழவழப்பான டைல்ஸ் வந்துவிட்டது.

செய்யவேண்டியவை எளியவை. பாசியைத் தேய்த்துக் கழுவுங்கள். குளியலறைச் சுவரில் உறுதியான கைப்பிடி பொருத்தச் செய்யுங்கள். நகரும் கால்மிதியை அகற்றுங்கள். படுக்கையிலிருந்து கழிவறைவரை இரவில் சிறு விளக்கு எரியட்டும். தரையில் சிந்திய நீரை உடனே துடையுங்கள். எழுந்தவுடன் தலைசுற்றினால், உண்ணும் மாத்திரைகளும் காரணமாகலாம். அவற்றைத் தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்பதே முறை. சென்னைக் கிண்டியில் முதியோருக்கென்றே தேசிய முதியோர் நல மருத்துவமனை 2024-இல் திறக்கப்பட்டிருக்கின்றது.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. ஒருமுறை விழுந்த தாத்தாவை, "நீங்கள் பேசாமல் உட்காருங்கள், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று நாற்காலியில் அமர்த்திவிடுகிறோம். அன்பினால் செய்வதுதான், ஆயினும் கேடு அதிலே தொடங்குகின்றது. நடவாத கால் மெலியும். மெலிந்த கால் மீண்டும் தடுமாறும். தடுமாற்றம் அச்சத்தை வளர்க்கும். அச்சம் அவரை மேலும் முடக்கும். நூற்றுக்கு மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2019-இல் வெளிவந்த காக்ரேன் அறிக்கை, உடற்பயிற்சியால் முதியோர் விழுதல் ஏறத்தாழ நான்கிலொரு பங்கு குறைவதாகக் காட்டியது. விழாமற் காப்பது உட்காரவைப்பதன்று, நடக்கவைப்பது என்பதை மறவாதீர்கள்.

பயிற்சியும் கடினமன்று. சுவரையொட்டி வைத்த நாற்காலியிலிருந்து பத்துமுறை எழுந்து அமர்தல். சமையல் மேடையைப் பற்றிக்கொண்டு ஒற்றைக்காலில் சிறிது நேரம் நிற்றல். சுவரோரமாக, ஒரு பாதத்தின் முன் மறுபாதத்தை வைத்து நேர்கோட்டில் நடத்தல். எலும்பு முறிந்தவரும் மயக்கமுடையவரும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கவேண்டும். பயிலும்போது பக்கத்தில் ஒருவர் நிற்றல் நன்று.

அந்த ஒருவர் நீங்களாக இருக்கலாகாதா? நீங்கள் நடைபயின்ற நாளில், கைக்கெட்டும் தொலைவில், உங்களைத் தூக்காமலும் கைவிடாமலும் நின்றவர்கள் அவர்கள். நாள்தோறும் மாலையில் கால்மணி நேரம் நீங்களும் அவ்வாறே நில்லுங்கள்.