மீன் வாங்கும் முன் தண்ணீரை வளருங்கள்



இந்தப் பக்கத்தில் வழக்கமாகச் சான்றிதழ், விண்ணப்பம், செயலி என்று பேசுவோம். இன்னைக்குக் கொஞ்சம் வீட்டுக்குள்ள போவோம். கைப்பேசியில் ரீல்ஸ் பார்க்கும்போது அந்தக் காட்சி உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். ஒரு கண்ணாடித் தொட்டி, உள்ளே பச்சைப் பசேல்னு ஒரு குட்டிக் காடு, நடுவுல சிவப்பும் நீலமுமாக மீன்கள். ‘நம்ம வீட்லயும் ஒண்ணு வைக்கலாமே’ என்று தோன்றும். எனக்கும் தோன்றியது.

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிடறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொட்டி, கல், ஃபில்டர், செடி, பத்து நியான் டெட்ரா மீன்கள் என எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வாங்கி வந்தேன். மாலைக்குள் எல்லாம் தயார். ராத்திரி எட்டு மணிக்கு ஸ்டேட்டஸும் போட்டாச்சு. அடுத்த ஞாயிறு வருவதற்குள் எட்டு மீன்கள் செத்துவிட்டன. தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருந்தது. “கடைக்காரர் நோய் மீனைத் தலையில கட்டிட்டார்” என்று அம்மாவிடம் புலம்பினேன். அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: “அதுங்க அதுக்குள்ளயே சாப்பிட்டு அதுக்குள்ளயே இருக்குதே, கழிவெல்லாம் எங்க போகும்?”

இன்றைய பேச்சு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. நிறம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மீனுக்கு விஷம். ஏரியிலும் குளத்திலும் இதைக் கவனிக்க ஒரு கூட்டம் இருக்கிறது. ஒருவகை பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். இது குறைந்த அளவில் இருந்தால் மீனுக்குத் தொல்லை இல்லை. செடிகளுக்கோ அதுவே உரம். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இருக்காது. ஃபில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் மணலிலும் அவை பெருகி நிலைக்க நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் கொடுத்த நேரம் நான்கு மணி நேரம்!

செடியும் மீனும் ஒன்றையொன்று தாங்கும் என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ராபர்ட் வாரிங்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் லண்டனில் தங்கமீன்களோடு வாலிஸ்நேரியா செடியை வளர்த்துப் பார்த்து, 1850-ல் அதைப் பற்றி எழுதினார். அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கியபோது, அவற்றைத் தின்ன நத்தைகளை விட்டார். மீன், செடி, சுத்தம் செய்ய ஒரு உயிர் என்ற மூன்றும் சேர்ந்த பிறகே தொட்டி நிலைத்தது. நாம் செய்யப்போவதும் அதே கணக்குதான்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி புதியவர்களுக்குப் பொருத்தம். அதில் சுமார் 54 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். சின்னத் தொட்டி சுலபம் என்று நினைக்காதீங்க. தண்ணீர் குறைவாக இருந்தால் அது சீக்கிரம் கெடும், சீக்கிரம் சூடாகும். இந்தத் தொட்டி கல், மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 70 கிலோவைத் தாண்டும். ஆடாத, மட்டமான ஸ்டாண்டில், அடியில் ஒரு தெர்மாகோல் அட்டை போட்டு வையுங்கள். ஜன்னல் வெயில் நேராக விழும் இடம் வேண்டாம், பாசி பிடிக்கும். இன்னொன்று முக்கியம்: ஃபில்டர் ஒயர் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே போக வேண்டும். அப்போதுதான் ஒயர் வழியாக வழியும் தண்ணீர் பிளக்குக்குள் இறங்காது. கையைத் தொட்டிக்குள் விடும் முன் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் நல்ல பாக்டீரியாவும் சாகும், மீனும் சாகும். வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வையுங்கள். கடையில் கிடைக்கும் குளோரின் நீக்கியைச் சொன்ன அளவில் கலந்தால் இன்னும் நிம்மதி. போர் தண்ணீர் என்றால் கடினத்தன்மை எவ்வளவு என்று தெரிந்துகொள்வது நல்லது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் பொதுமக்கள் கட்டணம் செலுத்தித் தண்ணீரைப் பரிசோதித்துக்கொள்ளலாம். அந்த முடிவு உங்கள் குடிநீருக்கும் உதவும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை மட்டும் தொட்டிக்கு ஊற்ற வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும்.

இப்போ வடிவமைப்பு. கழுவிய ஆற்று மணல் அல்லது பொடிக் கூழாங்கல்லை முன்னால் ஒரு அங்குலம், பின்னால் மூன்று அங்குலம் எனச் சரிவாகப் பரப்புங்கள். இந்தச் சரிவுதான் சின்னத் தொட்டியையும் ஆழமாகக் காட்டும். கடற்கரை மணலும் சிப்பியும் வேண்டாம், தண்ணீரின் கடினத்தன்மையைக் கூட்டிவிடும். கல் எடுத்தால் அதன் மேல் ரெண்டு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல், தள்ளி வையுங்கள். ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் தகாஷி அமானோ (1954–2015) இந்தக் கலையை உலகம் முழுக்கக் கொண்டு சேர்த்தவர். அந்தப் பாணித் தொட்டிகளைப் பார்த்தால் ஒன்று புரியும்: பெரிய கல் நட்டநடுவில் இருக்காது. கொஞ்சம் ஒதுங்கி, மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் நிற்கும். மிச்ச இடம் காலியாக இருக்கும். அந்தக் காலி இடம்தான் கண்ணுக்கு ஓய்வு.

செடிகளில் உயரமானவை பின்னால், குட்டையானவை முன்னால். தொடக்கத்துக்கு நான்கு போதும். பின்வரிசையில் வாலிஸ்நேரியா. நடுவில் கிரிப்டோகொரைன் வென்டி. இது நம் பக்கத்து இலங்கையின் ஓடைகளில் விளைவது. கல்லிலும் கட்டையிலும் ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ். இந்தக் கடைசி இரண்டின் தண்டை மணலில் புதைத்தால் அழுகிவிடும், நூலால் கட்டி வைத்தால் தானே பிடித்துக்கொள்ளும். நட்ட இரண்டாம் வாரம் கிரிப்டோகொரைன் இலைகள் கரைந்து போகலாம். செத்துப்போச்சுன்னு பிடுங்கிடாதீங்க. இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். வேர் உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும். இந்தச் செடிகளுக்குக் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தேவையில்லை. எல்.இ.டி. விளக்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரிந்தால் போதும். ஒரு டைமர் பிளக் வாங்கிவிடுங்கள். நாம் மறப்போம், அது மறக்காது.

இனிமேல்தான் கஷ்டமான கட்டம்: காத்திருப்பது. தொட்டி இருக்கும், செடி இருக்கும், ஃபில்டர் ஓடும், மீன் மட்டும் இருக்காது. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனியைப் போடுங்கள். அது மக்கி அம்மோனியாவாகும், அதைத் தின்று பாக்டீரியா பெருகும். வீட்டுக்கு வருகிறவர்கள் “மீனே இல்லையே?” என்று கேட்பார்கள். “விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கு” என்று சொல்லிவிடுங்கள். நான் அப்படித்தான் சொன்னேன். ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஃபில்டர் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் ஃபில்டரில் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் முடிந்துவிட்டதா என்பதைக் கண் சொல்லாது. பரிசோதனை கிட்தான் சொல்லும். அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம் என்று காட்டினால் ஒப்புதல் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

மீனைத் தண்ணீருக்கு ஏற்றபடி தேர்ந்தெடுங்கள். நியான் டெட்ரா தென் அமெரிக்க மென்னீர் மீன். கடினமான போர் தண்ணீருக்கு கப்பி, பிளாட்டி போன்றவை பொருந்தும். ஆணும் பெண்ணும் சேர்ந்து வாங்கினால் சில மாதங்களில் தொட்டி நிறைந்துவிடும். அதனால் ஆண் கப்பிகள் மட்டும் ஆறு போதும். முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து மூன்று. தங்கமீன் இந்தத் தொட்டிக்கு வேண்டாம். செடியைத் தின்னும், பிடுங்கும், கழிவும் அதிகம். பையை அவிழ்க்காமல் தொட்டியில் இருபது நிமிடம் மிதக்கவிட்டு, பிறகு தொட்டித் தண்ணீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

பராமரிப்பு வாரத்துக்கு அரை மணி நேரம்தான். கால் பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். அந்தப் பழைய தண்ணீர் மாடித் தோட்டத்துக்கு அருமையான உரம், சாக்கடையில் கொட்டாதீர்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவினால் ஆறு வார உழைப்பும் போச்சு. தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிப் பிழியுங்கள். இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு தீனி, ஒரு நாளைக்கு ஒருமுறை. பாசி வந்தால் மருந்து தேடும் முன் விளக்கையும் தீனியையும் குறைத்துப் பாருங்கள். கோடையில் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் மூடியைத் திறந்து மேற்பரப்பில் ஒரு சின்ன ஃபேனைத் திருப்பிவிடுங்கள். மின்தடை நீண்டால் தீனி போடாதீர்கள். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒன்று. அம்மா கேட்ட கேள்விக்கு இன்னொரு பாதி உண்டு. தொட்டிக்குள் இருப்பது வெளியே எங்கே போகும்?

வெட்டிய செடியை ஏரியில் போடுவதும், பெரிதாகிவிட்ட மீனைக் குளத்தில் ‘பாவம், பிழைச்சுப் போகட்டும்’ என்று விடுவதும் நல்ல மனசால் நடக்கிற காரியம். விளைவு நல்லதில்லை. நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரை தென் அமெரிக்காவிலிருந்து பூவின் அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட செடிதான். ‘தொட்டியைச் சுத்தம் செய்யும்’ என்று விரல் நீளத்தில் விற்கப்படும் சக்கர் மீன் ஒரு அடிக்கு மேல் வளரும். அதுவும் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. இன்று நம் நீர்நிலைகளில் வலை வீசுகிறவர்களுக்கு அது சிக்குகிறது. முள்ளால் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, வாங்க ஆளில்லை. யாரோ ஒருத்தர் வீட்டுத் தொட்டியில் தொடங்கியதற்கு இன்னொருத்தர் பிழைப்பு விலை கொடுக்கிறது. வெட்டிய செடியை மொறுமொறுவெனக் காயவைத்துச் செடித்தொட்டி மண்ணில் போடுங்கள். வேண்டாத மீனைக் கடைக்கோ, தொட்டி வைத்திருக்கும் இன்னொருவருக்கோ கொடுங்கள். ஏரிக்கு மட்டும் வேண்டாம்.

அன்று பிழைத்த என் இரண்டு மீன்களையும் நன்றாக ஓடும் தொட்டி வைத்திருந்த நண்பர் ஒருவர் எடுத்துக்கொண்டார். நான் முதலிலிருந்து தொடங்கினேன். இந்தமுறை ஐந்து வாரம் வெறும் செடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு காலையில் வாலிஸ்நேரியா பக்கத்தில் புதுக் கன்று விட்டிருந்தது. மீன் வராமலே தொட்டியில் உயிர் வந்திருந்தது.

நீங்களும் வைக்க ஆசைப்பட்டால், இப்போது கையில் இருக்கும் கைப்பேசியில் காலண்டரைத் திறங்கள். தொட்டியில் தண்ணீர் நிரப்பும் நாளைக் குறியுங்கள். அங்கிருந்து ஆறு வாரம் தள்ளி ‘மீன் வாங்க’ என்று ஒரு நினைவூட்டல் போடுங்கள். நடுவில் ஆசை வந்தால் அந்தத் தேதியைப் பாருங்கள், கடைப் பக்கம் போகாதீங்க.