பட்டா என்னும் சொல்லும் பழங்குடியினர் நிலமும்

தமிழர் இருவர் நிலத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அங்கே பட்டா என்ற சொல் வராமல் இராது. நம் ஊரில் பட்டா என்பது நிலம் யார் பெயரில் உள்ளது என்று வருவாய்த்துறை தரும் சான்று. மராத்தியிலோ 'பாடேபட்டா' என்றால் குத்தகைப் பத்திரம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நம்மைப் போன்றோர்க்கு இது சுவையான சொல்லாராய்ச்சி. சேமித்த பணத்தைக் கொடுத்து மனை வாங்கப் புறப்படுகிறவர்க்கு அப்படியன்று.

மான்குர்த் வரையில் வந்து நின்ற ரயில் 1992இல் கழியைக் கடந்து வாசிக்கும், 1998இல் பன்வேலுக்கும் சென்றது. பன்வேல், கர்ஜத் பக்கத்து நிலங்கள் அதனால் மான்குர்த் மக்களுக்கு அண்மையாயின. ஜனதா காலனியிலிருந்து 1976இல் சீத்தா கேம்ப்புக்கு அகற்றப்பட்ட குடும்பங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல. அத்தகையோர்க்குத் தம் பெயரில் ஒரு துண்டு நிலம் வேண்டும் என்ற ஏக்கம் இருப்பதில் வியப்பில்லை. அந்த ஏக்கத்தை நன்கறிந்தவர்கள் நிலத்தரகர்கள்.

ஆனால் அந்த மலையடிவாரங்கள் காத்கரி, தாக்கூர் முதலிய பழங்குடியினர் வாழும் இடங்கள். வடக்கே தாணே, பால்கர் மாவட்டங்களில் வார்லி மக்கள் வாழ்கின்றனர். சில ரூபாய்க் கடனுக்கு நிலத்தை இழந்து, இழந்த நிலத்திலேயே கொத்தடிமைகளாக உழைத்த வார்லிகள் 1945இல் தலாசரிப் பகுதியில் கிளர்ந்தெழுந்தது வரலாறு. இத்தகைய இழப்பைத் தடுக்கவே மகாராஷ்டிர நில வருவாய்ச் சட்டத்தில் 36-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. 1974 ஜூலை 6ஆம் நாளுக்குப் பின், பழங்குடியினர் நிலத்தைப் பிறருக்கு விற்கவோ, கொடையாகத் தரவோ, அடமானம் வைக்கவோ, குத்தகைக்கு விடவோ அனுமதியின்றி இயலாது. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கும் அடமானத்துக்கும் கலெக்டரின் முன் அனுமதி போதும். மற்றவற்றுக்கு அரசின் ஒப்புதலும் வேண்டும். தொண்ணூற்றொன்பது ஆண்டுக் குத்தகை என்று நோட்டரி முத்திரையோடு எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளுக்கு உயிர் வராது. கைமாற்றம் செல்லாதெனக் கலெக்டர் அறிவித்தால் நிலம் அரசைச் சேரும். தாமே பயிரிடுவதாக ஏற்றால் பழைய பழங்குடி உரிமையாளருக்கே முதல் வாய்ப்பு. பணம் கொடுத்த நம்மவர் தரகரைத் தேடி அலைய வேண்டியதுதான்.

சரி, நிலம் எத்தகையது என்று அறிவது எப்படி? மகாராஷ்டிரத்தில் 'சாத்பாரா' என்றொரு பதிவேடு உண்டு. ஏழாம் படிவமும் பன்னிரண்டாம் படிவமும் சேர்ந்தது ஆதலின் அப்பெயர். ஏழு என்பது ஏறக்குறைய நம் பட்டாவையும், பன்னிரண்டு என்பது நம் அடங்கலையும் ஒக்கும். இன்று இதை இணையத்திலேயே பார்க்கலாம். உரிமையாளர் பெயரைப் பார்த்ததும் நிறைவடைந்துவிடலாகாது. 'இதர் அதிகார்', அதாவது பிற உரிமைகள் என்ற பத்தியை ஊன்றிப் படிக்க வேண்டும். 36-அ பற்றிய குறிப்பு அங்கே இருக்கக்கூடும். குறிப்பு விடுபட்டிருந்தாலும் தடை நீங்கிவிடாது. ஆகவே 'பேர்பார்' என்ற பெயர்மாற்றப் பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்து, நிலம் யாரிடமிருந்து வந்தது என்று தலாட்டி எனப்படும் கிராம வருவாய் அலுவலரிடம் கேட்டறிதல் நலம். விவசாயி அல்லாதவர் விளைநிலம் வாங்கத் தனித் தடை வேறு உள்ளது.

அளவையும் பார்க்க வேண்டும். அங்கே குண்டாக் கணக்கு: ஒரு குண்டா 1,089 சதுர அடி, நம் கணக்கில் இரண்டரை சென்ட். தரகர் கல்லை நட்டுக் காட்டுவது அளவை ஆகாது. நிலப்பதிவு அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி, அரசு அளவர் வந்து அளக்கும் 'மோஜணி'யே எல்லைக்குச் சான்று.

அமெரிக்காவில் நவஹோ மக்களின் நிலத்தை அரசு அவர்களுக்காகப் பொறுப்பில் வைத்திருக்கிறது. அங்கே நவஹோ ஒருவரே வீடு கட்டுவதானாலும், ஓர் ஏக்கருக்கு மேற்படாத இடத்தை அளந்து, குத்தகையாகவே பெறுகிறார். அங்கே குத்தகை என்றால் குத்தகைதான். விலைக்கிரயம் என்று யாரும் மயங்குவதில்லை.

காத்கரிகளில் பலர்க்குத் தம் குடிசை நிற்கும் இடத்துக்குக்கூட ஒரு தாள் கிடையாது. தாளில்லாத வாழ்வின் துன்பத்தை மான்குர்த்தில் வாழும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. பெயருக்கு ஒரு துண்டு நிலமேனும் வைத்திருக்கும் பழங்குடியினரிடமிருந்து அதையும் பிடுங்கும் வணிகத்தில், அறியாமலே நாம் பங்காளிகளாகிவிடக் கூடாது.

முன்பணம் கேட்பவரிடம் முதலில் ஊர்ப்பெயரையும் சர்வே எண்ணையும் கேளுங்கள். சாத்பாராவைப் பார்க்க இவ்விரண்டும் மாவட்டம், தாலுகாப் பெயர்களும் போதும். எண்ணைத் தர மறுப்பவரிடம் பேச்சை வளர்ப்பதில் பயனில்லை.