யாரிடம் எதற்குப் போக வேண்டும்?
(கிராமத் தம்பதியர் கூட்டத்தில் சுகாதாரக் கல்வியாளர் ஆற்றிய உரை)

 

நாற்று நடுகிற நேரம். ஒரு நாள் கூலியை ஒதுக்கிவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். ஆகையால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களை ஒரு கேள்வி கேட்கிறேன். ரேஷன் கடையில் அரிசி போடுகிறவர் யார் என்றால் சொல்வீர்கள். மோட்டாருக்குக் கரண்டு வரவில்லை என்றால் யாருக்குப் போன் போடுவது என்பதும் தெரியும். ஆனால் நடுராத்திரியில் வீட்டில் உள்ள கர்ப்பிணிக்கு ஏதாவது ஒன்று என்றால் முதலில் யாரைக் கூப்பிடுவீர்கள்? ஒருவர் "பெரியாஸ்பத்திரி" என்பார். இன்னொருவர் "விடியட்டும், பார்ப்போம்" என்பார். இந்த "பார்ப்போம்" என்ற சொல்லைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

1998-ஆம் ஆண்டு நடந்ததைச் சொல்கிறேன். அப்போது நான் வேலைக்கு வந்து சில வருஷந்தான் ஆகியிருந்தது. ஒரு மானாவாரிக் கிராமத்தில் இளம் தம்பதி. தலைப்பிள்ளை, எட்டாம் மாதம். அந்தப் பெண்ணுக்குக் கால் வீங்கியது. பிறகு கையும் முகமும் வீங்கின. "பிள்ளைத்தாச்சிக்கு நீர் கோர்க்கிறது சகஜந்தான்" என்றார் மாமியார். ஒரு நாள் சாயங்காலம் தலைவலி, கண் மங்கல். தைலம் தடவிப் படுக்க வைத்தார்கள். ராத்திரி வலிப்பு வந்துவிட்டது. கணவர் பக்கத்து ஊருக்கு ஓடி வேன் பிடித்து வருவதற்குள் இரண்டு மணி நேரம் போய்விட்டது. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது தாய் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

அந்த வேன் போன வழியில்தான் துணை சுகாதார நிலையம் இருந்தது. கிராம சுகாதார செவிலியர் அங்கேயே குடியிருந்தார். அதைத் தாண்டித்தான் போனார்கள். கதவைத் தட்ட வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்தக் கணவர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "சார், போன தடவை வந்து ஒரு மணி நேரம் பேசினீங்களே, ரெண்டு புள்ள போதும்னு. தலைவலி வந்தா எங்க போகணும்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

எனக்குப் பதில் இல்லை. அவர் கேட்டது நியாயம். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் யார் யார், எதற்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேசுகிறேன்.

நம் ஊருக்கு இந்த நிலையம் எப்படி வந்தது?

நம் நாட்டில் 1946-ல் போர் குழு என்ற குழு, கிராமத்து மக்களுக்கு வீட்டுப் பக்கத்திலேயே வைத்தியம் கிடைக்க வேண்டும் என்று சொன்னது. 1952-ல் சமூக வளர்ச்சித் திட்டத்தோடு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரத் தொடங்கின. இன்று சமவெளியில் சுமார் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. மலைப்பகுதியில் இது 20,000 பேருக்கும் 3,000 பேருக்கும் ஒன்று. ஆக, உங்கள் ஊர் எந்த மூலையில் இருந்தாலும், உங்கள் வீட்டைத் தன் பதிவேட்டில் எழுதி வைத்திருக்கும் ஒருவர் இருக்கிறார். அவர் யார்?

கிராம சுகாதார செவிலியர்

"நர்சம்மா" என்று நீங்கள் கூப்பிடுகிறவர் இவர்தான். மாதவிடாய் தள்ளிப்போனதும் முதலில் இவரிடம் சொல்ல வேண்டும். 12 வாரத்துக்குள் பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்ததும் ஓர் எண் கொடுப்பார். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அதைக் கேட்பார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவிக்கும் இந்தப் பதிவுதான் ஆரம்பம். ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து 18,000 ரூபாய் உதவி அது. முதல் இரண்டு பிரசவங்களுக்கு உண்டு. அதற்கான நிபந்தனைகளை நர்சம்மாவே விளக்குவார்.

கர்ப்பகாலத்தில் குறைந்தது நான்கு முறையாவது பரிசோதனை வேண்டும். ஒவ்வொரு முறையும் எடை, ரத்த அழுத்தம், ரத்தம், சிறுநீர் ஆகிய நான்கையும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்டால், "அம்மா, பி.பி. பார்க்கலையே?" என்று நீங்களே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்கு முன் 180 நாளும் பின் 180 நாளும் சாப்பிட வேண்டும். சாப்பாட்டுக்குப் பின் போடலாம். டீ, காப்பியோடு வேண்டாம். மலம் கறுத்துப் போகும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. மாத்திரையை அடுக்குப்பானையில் ஒளித்து வைக்கிற தங்கைமார்களும் இங்கே இருக்கலாம். ரத்தம் குறைவாக இருக்கும் தாய்க்குப் பிரசவத்தில் கொஞ்சம் ரத்தம் போனாலும் ஆபத்து என்பதை மறக்காதீர்கள்.

குழந்தைக்குத் தடுப்பூசி போடுகிறவரும் இவரே. பெரும்பாலும் புதன்கிழமைகளில் போடுவார். பிறந்தவுடன், பிறகு 6, 10, 14 வாரங்களில், 9 மாதம் முடிந்ததும், 16 மாதத்துக்கு மேல் என்று முறை உண்டு. ஊசி போட்ட அன்று குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால், "ஊசியே வேணாம்" என்று நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சலுக்கான மருந்தை எவ்வளவு கொடுப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

நிலையத்தில் இருப்பவர்கள்

மருத்துவ அலுவலர்தான் நிலையத்தின் பொறுப்பாளர். நோயைப் பார்ப்பார், மேல் சிகிச்சை வேண்டுமானால் எழுதி அனுப்புவார்.

செவிலியர்கள் முறை வைத்துப் பணி செய்கிறார்கள். 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் நிலையங்களில் ராத்திரியிலும் செவிலியர் இருப்பார். உங்கள் நிலையத்தில் ராத்திரிப் பணி உண்டா என்று இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வலி எடுத்த பிறகு கேட்கிற கேள்வி இல்லை இது.

ஆய்வக நுட்பநர் ரத்தம், சிறுநீர், சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதிப்பார். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நின்றபாடில்லை என்றால் சளிப் பரிசோதனை வேண்டும்.

மருந்தாளுநர் மாத்திரை கொடுப்பார். எதை எத்தனை வேளை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று நின்று கேளுங்கள். வரிசையில் பின்னால் நிற்பவர் முணுமுணுத்தால் முணுமுணுக்கட்டும்.

சுகாதார ஆய்வாளர் ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர் அல்ல, ஊரைச் சுற்றுகிறவர். மேல்நிலைத் தொட்டியில் குளோரின் போட்டார்களா, ஊரில் காய்ச்சல் பரவுகிறதா, கொசு உற்பத்தி எங்கே என்று பார்ப்பது அவர் வேலை. ஒரே தெருவில் நாலு பேருக்குப் பேதி என்றால் நாட்டு மருந்தைத் தேடிக்கொண்டிராமல் உடனே அவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். அதுவரை பேதியாகும் குழந்தைக்கு உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்துக்கொண்டே இருங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

இவர்களுக்கு மேலே பகுதி சுகாதார செவிலியர், சமுதாய சுகாதார செவிலியர், வட்டார மருத்துவ அலுவலர் ஆகியோர் மேற்பார்வை செய்கிறார்கள். செவிலியர் உங்கள் தெருவுக்கு வரவில்லை, நிலையத்தில் யாராவது காசு கேட்டார் என்றால், டீக்கடையில் பேசுவதோடு விட்டுவிடாமல் இவர்களிடம் சொல்லுங்கள். இங்கே கிடைக்கும் சேவை இலவசம்.

வீட்டில் பெரியவர்களுக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இருக்கலாம். 2021 ஆகஸ்டு 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தரும் பெண் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவரிடம் பெயரைக் கொடுத்து வையுங்கள்.

குடும்பநலம்: இருவரும் கேட்க வேண்டியது

1977 வரை இதற்குக் குடும்பக் கட்டுப்பாடு என்று பெயர். பிறகு குடும்பநலம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியதில் ஓர் அர்த்தம் உண்டு. யாரையும் கட்டாயப்படுத்த இந்தத் துறைக்கு உரிமை இல்லை. கேட்டுத் தெரிந்து, யோசித்து, நீங்களே முடிவு செய்ய வேண்டும்.

ஒரு பிரசவத்துக்கும் அடுத்ததற்கும் மூன்று வருஷ இடைவெளி இருந்தால் தாயின் உடம்பு தேறும். முதல் குழந்தைக்கும் பால், கவனிப்பு கிடைக்கும். அதற்கு வழிகள் பல. ஆணுறை உண்டு, அது பால்வினை நோயையும் தடுக்கும். தினசரி மாத்திரை உண்டு. சாயா என்ற மாத்திரையை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று என்று சாப்பிட வேண்டும். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை. காப்பர்-டியில் 5 வருஷத்துக்கும் 10 வருஷத்துக்கும் தனித்தனி வகை உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துவிடலாம். எது யாருக்குப் பொருந்தும் என்பதை மருத்துவர் பார்த்துச் சொல்வார். பக்கத்து வீட்டக்காவுக்கு ஒத்துக்கொண்டது உங்களுக்கும் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை.

குழந்தை போதும் என்று முடிவு செய்தவர்களுக்கு நிரந்தர முறை. இங்கேதான் தம்பிமார்கள் தலையைக் குனிந்துகொள்கிறீர்கள்! ஆண்களுக்குச் செய்யும் தழும்பில்லாச் சிகிச்சையில் தையல் கிடையாது. சில நிமிஷ வேலை. அன்றே வீட்டுக்குப் போகலாம். இரண்டு நாள் ஓய்வு, ஒரு வாரம் பாரமான வேலை வேண்டாம். ஆண்மை குறையாது, மூட்டை தூக்கும் பலமும் குறையாது. ஒன்று மட்டும் கவனம்: சிகிச்சை செய்த அன்றே பலன் வராது. மூன்று மாதம் ஆணுறை போட்டு, பிறகு விந்துப் பரிசோதனை செய்து உறுதி செய்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்ற உடம்பே கத்தியையும் தாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

கருக்கலைப்பு தேவைப்பட்டால் ஊர்ப்புறத்துக் கைவைத்தியத்துக்குப் போகாதீர்கள், உயிர் போய்விடும். 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தகுதி பெற்ற மருத்துவரிடம் பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி உண்டு. ஆணா பெண்ணா என்று ஸ்கேனில் பார்த்துச் சொல்வது மட்டும் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கேட்பதும் குற்றம்.

எப்போது காத்திருக்கக் கூடாது?

கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கினால், தலைவலி விடாமல் இருந்தால், கண் மங்கினால், வலிப்பு வந்தால், எந்த மாதத்திலும் ரத்தம் பட்டால், பனிக்குடம் உடைந்தால், குழந்தையின் அசைவு குறைந்தால், காய்ச்சல் அடித்தால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். பிரசவத்துக்குப் பின் துணி துணியாக நனைகிற மாதிரி ரத்தம் போனாலும் அப்படியே. 108-க்குப் போன் போடுங்கள், நர்சம்மாவுக்கும் சொல்லுங்கள். ரத்த அழுத்தம் 140-க்கு 90 அல்லது அதற்கு மேல் என்றால் அது எச்சரிக்கை. அதைக் காலத்தோடு கண்டுபிடித்தால் மருந்து கொடுத்து அடக்கலாம். வலிப்பு வந்த தாய்க்கும் முதல் ஊசியை நிலையத்திலேயே போட்டு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். 1998-ல் அந்தத் தம்பதிக்கு 108 வண்டி கிடையாது. கதவைத் தட்ட ஒரு வீடு மட்டும் வழியில் இருந்தது. உங்களுக்கு இரண்டும் உண்டு. அவசரமில்லாத சந்தேகங்களுக்கு 104-ல் கேட்கலாம்.

முடிக்கிறேன். இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு கரித்துண்டோ சாக்பீஸோ எடுத்து, கதவுக்குப் பின்னால் மூன்று எண்களை எழுதுங்கள். நர்சம்மாவின் எண், ஆரம்ப சுகாதார நிலையத்தின் எண், 108. போனில் இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். போனைக் கணவர் எடுத்துக்கொண்டு வெளியூர் போயிருக்கும்போதுதான் வலி எடுக்கும். சுவர் எங்கேயும் போகாது.

அடுத்த பரிசோதனைக்கு மனைவியோடு கணவரும் வாருங்கள். வெளியே வேப்ப மரத்தடியில் நின்றுவிடாமல், உள்ளே வந்து பி.பி. எவ்வளவு என்று கேளுங்கள். அந்த மனிதர் என்னைக் கேட்ட கேள்வியை இந்த ஊரில் யாரும் யாரையும் கேட்கிற நிலை வரக் கூடாது.

 கூட்டம் முடிந்ததும் நர்சம்மா இங்கேதான் இருப்பார். இன்னும் பெயர் பதியாதவர்கள் பதிந்துகொள்ளுங்கள்.