மாற்றக்கூடாத சொற்கள்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் உழைத்து நம் மக்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அப்பிள்ளைகள் இன்று மனுவையும் சான்றிதழையும் வழக்குத் தாளையும் கைப்பேசியிலுள்ள மொழிபெயர்ப்பு மென்பொருளில் இட்டு நொடிப்பொழுதில் ஆங்கிலமாக்கித் தருகிறார்கள். மகிழ்ச்சியே! ஆயினும் ஒரு தாளில் மொழிபெயர்க்க வேண்டிய பகுதியும் உண்டு; தொடவே கூடாத பகுதியும் உண்டு. இரண்டாவதைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நம் பகுதி மாணவி ஒருவர் உதவித்தொகை கோரி விண்ணப்பித்தார். தாயார் பெயர் தங்கம். மென்பொருள் அதனைக் 'கோல்ட்' என்று ஆக்கிவிட்டது. ஒருவரும் மீண்டும் படித்துப் பார்க்கவில்லை. பெயர் ஒவ்வவில்லை என்று விண்ணப்பம் திரும்பியது. திருத்திக் கொடுப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிட்டது. பிழை அம்மாணவியுடையதன்று, கருவியை நம்பி வாளாவிருந்த நம்முடையது.

இதனினும் பெரிய பெயர் ஒன்று உண்டு. அரசுப் பதிவேடுகளில் நம்மை இழித்துரைத்த பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்று எழுத வேண்டுமென எம்.சி. ராஜா 1922-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார், அரசும் ஏற்றது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் ஆங்கிலப் பட்டியலிலும் அது 'ஆதி திராவிடா' என்றே நிற்கிறது. மென்பொருள் அதனைப் 'பண்டைத் திராவிடர்' என்று பொருள்படும் ஆங்கிலமாக்கினால், பட்டியலில் அப்படி ஒரு பெயரே இல்லை. பெயர் இல்லையெனில் சான்று ஏது? உரிமை ஏது?

சட்டப் பிரிவும் அத்தகையதே. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் திருத்தப்பெற்று 2016 சனவரி 26 முதல் நடப்புக்கு வந்தது. பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தும் நோக்குடன் அவமதிப்பது 3(1)(ஆர்). சாதிப் பெயர் சொல்லித் திட்டுவது 3(1)(எஸ்). அடைப்புக்குள் இருக்கும் ஓரெழுத்து மாறினால் புகார் வேறொரு குற்றத்தைச் சுட்டும்.

உச்சநீதிமன்றமே 2019 நவம்பரில் 'சுவாஸ்' என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருளை அறிமுகப்படுத்தியது. மேல்முறையீட்டுக்கு 'லீவ்' அளித்தோம் என்றால் அனுமதி அளித்தோம் என்று பொருள். கருவியோ அதனை 'விடுமுறை' என்று கொள்ளக்கூடும் என நீதிபதிகளே எச்சரித்திருக்கிறார்கள். ஆகவேதான் அங்கும் மனிதர் சரிபார்க்கிறார்.

ஊர்ப் பெயரிலும் விழிப்பு வேண்டும். 2020-இல் தமிழக அரசு 1018 ஊர்ப் பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியிட்டது. தண்டையார்பேட்டையும் அதில் அடங்கும். சில நாட்களிலேயே அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. மூல ஆவணத்தில் உள்ள எழுத்துக்கூட்டல் எதுவோ அதையே எழுதுக.

இனிச் செய்முறை. தொழில்முறை மென்பொருள்களில் மாற்றக்கூடாத பகுதியைப் பூட்டும் வசதி உண்டு. அது அவ்விடத்தில் ஒரு குறியை நிறுத்தி, பணி முடிந்தபின் மூலச் சொல்லை மீட்டு வைக்கும். கைப்பேசியில் அவ்வசதி இல்லையெனில் நாமே செய்யலாம். பெயர், ஊர், சாதிப் பெயர், பிரிவு எண், புல எண், கணக்கு எண் ஆகியவற்றை முதலில் அடிக்கோடிடுக. அவற்றுக்கு ஈடாக 101, 102 என்று எண் இட்டு, தனித்தாளில் பட்டியல் எழுதி வைத்துக்கொள்க. '101 என்பவர் 102 என்பவரை' என்று வேற்றுமை உருபு தெளிவாக நிற்கட்டும். இல்லையேல் அடித்தவரும் அடிபட்டவரும் இடம் மாறிவிடுவர். மொழிபெயர்த்தபின் குறிகளை எண்ணுக. முன்பு பத்து இருந்தால் பின்பும் பத்து இருக்க வேண்டும். பிறகே சொற்களை மீட்டு வைத்து, மூலத்தோடு ஒருவர் வாசிக்க மற்றவர் ஒப்பிடுக. இதனால் இன்னொரு நன்மையும் உண்டு: புகார் கொடுத்தவரின் பெயர் அயலார் கணிப்பொறிக்குச் செல்லாது.

தோழர்களே, இரட்டைமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணியாற்றியவர். பின்னர் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து நமக்காகப் பேசியவர். அம்மரபில் வந்த நாம் வேகத்துக்காகச் சொல்லைக் கைவிடலாகாது. ஒவ்வொரு தெருவிலும் இருவர் முன்வாருங்கள்: ஒருவர் எழுத, ஒருவர் சரிபார்க்க. நம் பெயரை நாமே காப்போம்!